உங்களுக்குத் தெரியுமா? வசனத்துக்கு எதிர் வசனம்

கிறிஸ்தவத்தின் முதல் ஐந்து நூற்றாண்டுகளில் சபைக்குள் எழுந்த பெரிய வழக்குகளைப் புரட்டினால், பலவற்றின் அடியில் ஒரே கேள்வி கிடக்கிறது: யாருக்கு இரட்சிப்பு, எப்படி? இரு தரப்பும் வேதத்தையே சாட்சிக்கு அழைத்தன. அந்த வழக்குகளிலிருந்து சில செய்திகள்.

★ முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் ‘வேதம்’ என்று சொன்னபோது புதிய ஏற்பாடு என்று ஒன்று இல்லை. யூதர்களின் வேதநூல்களே அவர்களுடைய வேதம். அதையும் பெரும்பாலோர் கிரேக்க மொழிபெயர்ப்பில்தான் வாசித்தார்கள். இன்று நம் கையில் இருக்கும் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் கூட்டாமல் குறைக்காமல் பட்டியலிடும் மிகப் பழைய ஆவணம், அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியஸ் 367இல் எழுதிய ஈஸ்டர் மடல். பவுல் கலாத்தியருக்கு எழுதி அதற்குள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

★ முதல் பெரிய வழக்கு அந்தியோகியாவில் தொடங்கியது. யூதேயாவிலிருந்து வந்த சிலர், விருத்தசேதனம் செய்துகொள்ளாத புறஜாதியாருக்கு இரட்சிப்பே இல்லை என்றார்கள். அவர்கள் பேச்சு ஆதாரமில்லாத பேச்சல்ல. ஆதியாகமம் 17ஆம் அதிகாரம் விருத்தசேதனத்தை என்றென்றைக்குமான உடன்படிக்கை என்கிறது. அதை மறுப்பவனை ஜனத்திலிருந்தே விலக்குகிறது. எழுத்தை மட்டும் பார்த்தால் வழக்கு அவர்கள் பக்கம்தான் சாய வேண்டும்.

ஏறக்குறைய கி.பி. 49இல் எருசலேமில் கூடிப் பேசினார்கள். வாக்குவாதம் நீண்டது. ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவின் வீட்டில் புறஜாதியார் மேலும் ஆவி இறங்கியதைத் தாம் கண்டதாகப் பேதுரு சொன்னார். தங்கள் பயணங்களில் நடந்தவற்றைப் பவுலும் பர்னபாவும் சொன்னார்கள். அதன் பிறகே யாக்கோபு எழுந்து, புறஜாதியாரும் ஆண்டவரைத் தேடி வருவார்கள் என்று ஆமோஸ் தீர்க்கதரிசி முன்பே சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டினார். இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது: கண்ணெதிரே நடந்தது முதலில், வசனம் அடுத்து. தீர்ப்பு, விருத்தசேதனம் தேவையில்லை என்பது. விக்கிரகத்துக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொன்ற பிராணியின் இறைச்சி, வேசித்தனம் ஆகிய நான்கை மட்டும் விலக்கச் சொல்லிக் கடிதம் போயிற்று. இஸ்ரவேலர் நடுவே தங்கும் அந்நியருக்கு லேவியராகமம் 17, 18 அதிகாரங்கள் விதிக்கும் கட்டளைகளையே இந்த நான்கும் ஒட்டியிருப்பதாக ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

★ அதே வழக்கில் பவுல் வைத்த வாதம் காலவரிசை சார்ந்தது. ஆபிரகாம் தேவனை விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற செய்தி ஆதியாகமம் 15இல் வருகிறது. விருத்தசேதனக் கட்டளை வருவதோ 17இல். ‘அவர் நீதிமானாக எண்ணப்பட்டது விருத்தசேதனத்துக்கு முன்பா, பின்பா?’ என்பதுதான் ரோமர் 4ஆம் அதிகாரத்தில் பவுல் கேட்கும் கேள்வி. முன்பு என்றால், விருத்தசேதனம் இல்லாதவர்களுக்கும் ஆபிரகாம் தகப்பன்!

பவுல் வயதுக் கணக்கைச் சொல்லவில்லை. நாமே போட்டுப் பார்க்கலாம். இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு வயது 86. விருத்தசேதனம் செய்துகொண்டபோது 99. 15ஆம் அதிகாரம் இஸ்மவேலின் பிறப்புக்கும் முந்தியது. அப்படியானால் இடைவெளி குறைந்தது 13 ஆண்டுகள். கலாத்தியரில் பவுல் இன்னும் ஒரு படி போகிறார். மோசேயின் நியாயப்பிரமாணம் வாக்குத்தத்தத்துக்கு 430 ஆண்டுகள் கழித்து வந்தது. பின்னால் வந்தது முன்னால் கொடுத்த வாக்கை ரத்து செய்ய முடியாது என்கிறார். எதிர்த்தரப்பின் நூலையே திறந்து, அதில் ஒரு வசனத்தையும் மறுக்காமல், நடந்த வரிசையைக் காட்டியே வழக்கைத் திருப்பியிருக்கிறார். இதைவிட நேர்த்தியான வேத வாதத்தை நான் வாசித்ததில்லை.

★ அதே ஆபிரகாம், அதே 15ஆம் அதிகார வசனம், ஆனால் வேறு தீர்ப்பு! யாக்கோபு நிருபம் அந்த வசனத்தை, ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய 22ஆம் அதிகாரத்தோடு சேர்த்து வாசிக்கிறது. விசுவாசம் மட்டும் போதாது, கிரியையும் வேண்டும் என்கிறது. யாக்கோபு நிருபம் எல்லாராலும் உடனே ஏற்கப்படவில்லை. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட வரலாற்றாசிரியர் யூசேபியுஸ், பலர் அறிந்திருந்தும் மறுப்புக்கு உள்ளான நூல்களின் வரிசையில்தான் அதை வைத்தார். ஆனாலும் கடைசியில் சபை பவுலையும் வைத்துக்கொண்டது, யாக்கோபையும் வைத்துக்கொண்டது. ஒன்றை வெட்டிவிட்டால் வேலை எளிதாகியிருக்கும். அந்த எளிய வழியை எடுக்காததுதான் ஆதி சபையின் பெருந்தன்மை என்பேன்.

★ பெரோயா பட்டணத்து யூதர்கள் பவுலின் பிரசங்கத்தைக் கேட்டதோடு நிற்கவில்லை. அவர் சொன்னது சரிதானா என்று நாள்தோறும் வேதத்தைப் புரட்டிச் சரிபார்த்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம் அதற்காக அவர்களைப் பாராட்டுகிறது.

★ பவுலின் நிருபங்களில் விளங்கிக்கொள்ளக் கடினமானவை இருக்கின்றன, சிலர் அவற்றைத் திரிக்கிறார்கள் என்ற எச்சரிக்கை புதிய ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாம் பேதுரு, மூன்றாம் அதிகாரம்.

★ கருங்கடல் கரையிலுள்ள சினோப்பைச் சேர்ந்த கப்பல் உரிமையாளர் மார்சியோன், ரோமச் சபைக்கு 2,00,000 செஸ்டர்ஸ் காணிக்கை கொடுத்தார். பழைய ஏற்பாட்டின் தேவன் வேறு, இயேசு அறிவித்த இரட்சிக்கும் தேவன் வேறு என்று அவர் போதிக்கத் தொடங்கியதும், 144இல் அவரையும் விலக்கினார்கள். பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மார்சியோன் பழைய ஏற்பாட்டை முழுதாகத் தள்ளினார். சுருக்கிய லூக்கா சுவிசேஷத்தையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும் வைத்துக்கொண்டார். நமக்குத் தெரிந்தவரை, கிறிஸ்தவ நூல்களை இவ்வளவுதான் என்று வரையறுத்து முதலில் தொகுத்தவர் அவர்தான். எதிர்த்தரப்பு தன் பட்டியலைத் தெளிவாக்கிக்கொள்ள அது ஒரு தூண்டுதலாயிற்று.

★ புதிய ஏற்பாட்டு நூல் ஒன்றுக்கு எழுதப்பட்டதாக நமக்குத் தெரியவரும் மிகப் பழைய விளக்கவுரை, ஹெராக்ளியோன் யோவான் சுவிசேஷத்துக்கு எழுதியது. அவர் சபைத் தலைவர்கள் மறுத்த வாலண்டினியர் கூட்டத்தவர். வேத அறிஞர் ஓரிஜன் அவரை மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய பகுதிகளால்தான் அந்த உரை ஓரளவாவது மிஞ்சியிருக்கிறது.

★ வாலண்டினியரும் அவர்களைப் போன்ற பிற ஞானவாதிகளும் அடிக்கடி எடுத்த ஆயுதம் பவுலின் ஒரு வசனம்: மாம்சமும் இரத்தமும் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காது என்பது (1 கொரிந்தியர் 15). உடலுக்கு இரட்சிப்பே இல்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டுமா? ஏறக்குறைய 180இல் லியோன் நகரத்து பிஷப் இரேனியஸ் இதற்கு மட்டுமே பல அத்தியாயங்கள் எழுதினார். பவுல் அங்கே சொல்வது தேவ ஆவி இல்லாத வாழ்வைப் பற்றி, காட்டு ஒலிவக் கிளை நல்ல மரத்தில் ஒட்டப்படுவதுபோல மாம்சமும் ஆவியால் மாற்றம் பெறும் என்று பவுலைப் பவுலைக்கொண்டே விளக்கினார்.

அவர் சொன்ன ஓர் உவமை இன்றைக்கும் பொருந்தும். ஒரு சிற்பி மணிக்கற்களைப் பதித்து ராஜாவின் உருவத்தைச் செய்கிறான். வேறொருவன் அதே கற்களைப் பெயர்த்து நரியாக அடுக்கிவிட்டு, இதுவே ராஜா என்கிறான். கற்கள் அசல்தான்; உருவம்தான் பொய். இரட்சிப்பு பற்றிய எல்லா வழக்குகளிலும் உண்மையான சிக்கல் இதுதான். வசனம் யாரிடம் அதிகம் என்று எண்ணி எந்த வழக்கும் முடியவில்லை. எந்த வசனத்தின் வெளிச்சத்தில் எதை வாசிப்பது என்பதே வழக்கு.

★ வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர எழுத்தாளர் தெர்த்துல்லியன் அந்தச் சிக்கலை அடியோடு அறுக்கப் பார்த்தார். ஏறக்குறைய 200இல் ரோமச் சட்டத்திலிருந்து ஓர் உத்தியைக் கடன் வாங்கினார்: வேதம் சபையின் சொத்து, மாற்றுப் போதகருக்கு அதை எடுத்து வாதாட உரிமையே இல்லை, வழக்கு விசாரணைக்கே தகுதியற்றது என்றார். வசனத்துக்கு வசனம் மோதினால் தலைவலிதான் மிச்சம் என்பது அவர் எண்ணம். எனக்கு இது உடன்பாடில்லை. அவரே மார்சியோனுக்கு எதிராக ஐந்து புத்தகங்கள் வசனம் வசனமாக வாதாடி எழுதினார். அந்த ஐந்தும்தான் அவருடைய உண்மையான பலம்.

★ ஞானஸ்நானம் இல்லாமல் இரட்சிப்பு இல்லை என்றால், பவுல் தவிர மற்ற அப்போஸ்தலர் ஞானஸ்நானம் பெற்றதாக எங்கே எழுதியிருக்கிறது? இந்தக் கேள்வி கார்த்தேஜில் நிஜமாகவே எழுந்தது. புயலில் படகுக்குள் அலை தெறித்து அவர்கள் நனைந்ததே அவர்களுக்கு ஞானஸ்நானம் என்று சிலர் பதில் சொன்னார்களாம். தெர்த்துல்லியன் அந்தப் பதிலை ஏற்கவில்லை.

★ பணக்காரனுக்கு இரட்சிப்பு உண்டா? ஊசியின் காதில் ஒட்டகம் நுழையும் வசனத்தைக் கேட்டு அலெக்சாந்திரியாவின் செல்வந்தக் கிறிஸ்தவர்கள் நம்பிக்கை இழந்தார்கள். அந்நகரத்து ஆசிரியர் கிளமெந்து அவர்களுக்காகத் தனி நூலே எழுதினார். மாற்கு 10ஆம் அதிகாரப் பகுதியை முழுதாக எடுத்தெழுதி, தள்ளவேண்டியது செல்வத்தின் மேலுள்ள பற்றை என்றார். எல்லாரும் எல்லாவற்றையும் விற்றுவிட்டால் பசித்தவனுக்குச் சோறு போடுவது யார் என்றும் கேட்டார்.

★ வசனங்களின் மோதலில் மனிதர்களின் கண்ணீர் அதிகம் கலந்த வழக்கு கார்த்தேஜில் நடந்தது. பேரரசன் தேசியுஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்று ஆணையிட்டான். 250இல் வழங்கப்பட்ட அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தின் மணலிலிருந்து பாப்பிரஸ் ஏடுகளாகக் கிடைத்திருக்கின்றன. பலர் பயந்து பலியிட்டார்கள். சிலர் லஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். புயல் ஓய்ந்ததும் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். சேர்ப்பதா, வேண்டாமா?

ரோமில் நோவாசியன் என்ற மூப்பர், சேர்க்கக் கூடாது என்றார். மனிதர் முன் என்னை மறுதலிப்பவனை நானும் மறுதலிப்பேன் என்று இயேசுவே சொல்லியிருப்பது அவருக்குப் பக்கபலம். கார்த்தேஜின் பிஷப் சிப்பிரியான் அந்த வசனத்தை மறுக்கவில்லை. விழுந்த சபையை மனந்திரும்பச் சொல்லும் வெளிப்படுத்தின விசேஷத்தைப் பக்கத்தில் வைத்தார். செத்தவனிடம் மனந்திரும்பு என்று யாரும் சொல்வதில்லை. எனவே விழுந்தவனுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்பது அவர் வாதம். காணாமற்போன ஆட்டைத் தேடிப் போகும் மேய்ப்பனையும் நினைவூட்டினார்.

ஆனால் அவர் கதவை அகலத் திறந்துவிடவும் இல்லை. சிறையிலிருந்த விசுவாச வீரர்கள் எழுதிக் கொடுத்த சிபாரிசுச் சீட்டைக் காட்டி உடனே உள்ளே வர முயன்றவர்களைத் தடுத்தார். 251இல் கூடிய சங்கம் நடுவழி கண்டது: நீண்ட காலம் மனந்திருந்தி நடக்க வேண்டும், மரணப் படுக்கையில் இருப்பவருக்கு மன்னிப்பு உண்டு. மறுபடியும் துன்புறுத்தல் வரும் என்ற அச்சம் எழுந்தபோது, மனந்திருந்திக் காத்திருந்த எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். பலவீனர்களை ஆயுதமின்றிப் போருக்கு அனுப்ப முடியாது என்பதே காரணம். தேசியுஸ் காலத்தில் தலைமறைவானதற்காகப் பழி கேட்ட சிப்பிரியான், 258இல் விசுவாசத்துக்காகத் தலை வெட்டப்பட்டு இறந்தார். இந்த வழக்கில் அவர் பக்கமே நான்.

★ விழுந்தவர்களை மறுபடியும் மனந்திரும்புதலுக்குப் புதுப்பிப்பது கூடாத காரியம் என்னும் எபிரேயர் 6ஆம் அதிகாரம், தனியாகப் பிரிந்த நோவாசியன் கூட்டத்தாரின் கோட்டையாயிற்று. அதனாலேயே சில சபைகளில் எபிரேயர் நிருபம் வாசிக்கப்படுவதில்லை என்று நான்காம் நூற்றாண்டு பிஷப் பிலாஸ்திரியுஸ் பதிவு செய்திருக்கிறார். மிலானின் அம்புரோஸ் நிருபத்தை ஒதுக்காமல், அது இரண்டாவது ஞானஸ்நானத்தைத்தான் மறுக்கிறது என்று விளக்கினார்.

★ 325இல் கூடிய நிசேயா சங்கத்துக்கு நோவாசியன் பிரிவின் பிஷப் அசேசியுஸும் வந்திருந்தார். அவருடைய கண்டிப்பைக் கேட்ட பேரரசர் கான்ஸ்டன்டைன், ஏணி ஒன்றை வைத்துத் தனியாகவே பரலோகத்துக்கு ஏறிக்கொள்ளும்படி சொன்னதாக சபை வரலாற்றாசிரியர் சாக்ரட்டீஸ் எழுதுகிறார்.

★ பிரிவினைக்காரர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா? செல்லாது என்றார் சிப்பிரியான். ஞானஸ்நானம் ஒன்றே என்னும் எபேசியர் 4, நோவாவின் ஒரே பேழை, உன்னதப்பாட்டின் அடைக்கப்பட்ட தோட்டம் ஆகியவை அவர் சான்றுகள். 256 செப்டம்பர் 1 அன்று கார்த்தேஜில் 87 பிஷப்புகள் ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்லி அவரை ஆதரித்தார்கள். அந்தக் கருத்துகள் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. ரோம பிஷப் ஸ்தேவான், வழிவழியாக வந்த வழக்கத்தை மாற்றக் கூடாது என்று மறுத்தார். 314இல் ஆர்ல் சங்கம், திரித்துவத்தின் பெயரால் பெற்றதென்றால் மறுபடியும் ஞானஸ்நானம் வேண்டாம் என்று தீர்ப்பளித்தது. வசனங்களை அடுக்கியவர் சிப்பிரியான். மேற்கில் நின்றது ஸ்தேவானின் வழக்கம்.

★ சிலுவையில் தொங்கிய கள்வன் ஞானஸ்நானம் பெறாமலே பரதீசுக்குப் போனானே? இரத்தமே அவனுக்கு ஞானஸ்நானம் என்றார் சிப்பிரியான். அவன் விசுவாசமும் மனமாற்றமும் போதுமானதாயின என்றார் ஹிப்போ பிஷப் அகஸ்டின். வயதான காலத்தில் தம் நூல்களைத் தாமே திருத்திப் பார்த்தபோது, அவன் ஞானஸ்நானம் பெறாதவன் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று அவருக்கே ஐயம் வந்துவிட்டது.

★ 325இல் நிசேயாவில் நடந்த வழக்கும் அடிப்படையில் இரட்சிப்பு பற்றியதே. ஆதியில் கர்த்தர் என்னைப் படைத்தார் என்று ஞானம் பேசுவதாகக் கிரேக்க வேதத்தில் வரும் நீதிமொழிகள் 8ஆம் அதிகாரத்தை அலெக்சாந்திரியா மூப்பர் ஆரியுஸின் தரப்பு பிடித்துக்கொண்டது: குமாரனும் படைக்கப்பட்டவரே என்றது. படைப்பு படைப்பை இரட்சிக்க முடியாது என்பது அத்தனாசியஸின் மறுப்பு. வேதச் சொற்களை மட்டும் கொண்டு அறிக்கை எழுதப் பார்த்தார்கள். எந்தச் சொல்லை முன்வைத்தாலும், அது எங்களுக்கும் பொருந்தும் என்று எதிர்த்தரப்பு கண்சாடை காட்டிக்கொண்டதாக அத்தனாசியஸ் எழுதுகிறார். கடைசியில் குமாரன் பிதாவோடு ஒரே சாரம் உடையவர் என்று, வேதத்தில் எங்கும் இல்லாத ஒரு சொல்லால் முடித்தார்கள்.

★ 431இல் எபேசு சங்கம் கூடியபோது, மண்டபத்தின் நடுவில் ஓர் ஆசனம் போட்டுச் சுவிசேஷ நூலை அதில் வைத்தார்கள்.

★ பிரித்தானியாவிலிருந்து ரோமுக்கு வந்த துறவி பெலாகியுஸ், சோம்பலான கிறிஸ்தவர்களைக் கண்டு வருந்தினார். ஜீவனுக்குள் நுழைய விரும்பினால் கற்பனைகளைக் கைக்கொள் என்று இயேசு சொல்லியிருக்க, முடியாததைத் தேவன் கட்டளையிடுவாரா என்று கேட்டார். உனக்கு உள்ளதில் நீ பெற்றுக்கொள்ளாதது எது என்று 1 கொரிந்தியர் 4இல் பவுல் கேட்கும் கேள்வியே அகஸ்டினின் பதில். விசுவாசத்தின் தொடக்கம் மனிதனுடையது என்று பிஷப் ஆவதற்கு முன் தாமும் நினைத்ததையும், இந்த வசனம்தான் தம்மை மாற்றியதையும் அகஸ்டினே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 415இல் பாலஸ்தீனத்தின் தியோஸ்போலி சங்கம் பெலாகியுஸை விடுவித்தது. 418இல் கார்த்தேஜ் சங்கம் அவர் போதனையைக் கண்டித்தது.

ரோமர் 5:12இன் லத்தீன் வடிவத்தை ‘ஆதாமுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்’ என்று அகஸ்டின் வாசித்தார். ‘எல்லாரும் பாவம் செய்தபடியால்’ என்பதே பொருள் என்றார் பெலாகியுஸ் பக்கம் நின்ற எக்லானும் பிஷப் ஜூலியன். இன்றைய மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலானவை ஜூலியன் சொன்ன பொருளையே தருகின்றன. எல்லா மனிதரும் இரட்சிக்கப்பட தேவன் சித்தமாயிருக்கிறார் என்னும் 1 தீமோத்தேயு 2ஐ, எல்லா வகையான மனிதரும் என்று அகஸ்டின் சுருக்கியதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பெரிய மனிதர்தான். ஆனாலும் அங்கே வசனம் வளைக்கப்பட்டது.

★ கடைசியில் எல்லாருமே இரட்சிக்கப்படுவார்களா? தேவனே சகலத்திலும் சகலமுமாவார் என்னும் 1 கொரிந்தியர் 15ஐ வைத்து அப்படி நம்பினார்கள் ஓரிஜனும் நீசா கிரகோரியும். நித்திய தண்டனையும் நித்திய ஜீவனும் மத்தேயு 25இல் ஒரே வசனத்தில் வருகின்றன. ஒன்றுக்கு முடிவுண்டு என்றால் மற்றதற்கும் முடிவு வந்துவிடுமே என்று மறுத்தார் அகஸ்டின்.

★ வேதம் போதுமானது என்றால் சபையின் விளக்கம் எதற்கு? 434இல் லெரின் தீவு மடத்துத் துறவி வின்சென்ட் இந்தக் கேள்வியைத் தாமே எழுப்பினார். ஒரே வசனத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வாசிப்பதால், எங்கும் எப்போதும் எல்லாரும் நம்பிவந்தது எது என்று பார்க்கச் சொன்னார். அவருடைய அளவுகோல் அகஸ்டினின் சில போதனைகளையே குறிவைத்தது என்பார் உண்டு.

★ பெலாகியுஸ் பவுலின் 13 நிருபங்களுக்கு எழுதிய விளக்கவுரை அழியவில்லை. அவரைக் கடுமையாக எதிர்த்த ஜெரோமின் பெயரிலேயே அது கைமாறி, அவரைக் கண்டித்த சபைகளிலேயே நூற்றாண்டுக்கணக்கில் வாசிக்கப்பட்டது. அலெக்சாண்டர் சூட்டர் என்ற அறிஞர் சுவடிகளை ஒப்பிட்டு அதன் மூல வடிவத்தை மீட்டார். 1922 முதல் கேம்பிரிட்ஜில் பெலாகியுஸ் பெயரிலேயே அச்சிட்டார்.